கண் திறந்து

சனிக்கிழமை முகாமில் எனக்கு நாற்பது நிமிடம்.
தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டார்கள்:
ஆவிக்குரிய முதிர்ச்சி.
நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.
மூன்று நாளாகக் கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

அருமனைப் பக்கம் எங்கள் சபையில்
ஜெபிப்பதில் எனக்கொரு பேர் உண்டு.
செக்ரட்டரி அக்கா ஜெபித்தால்
கூரைத் தகடு அதிரும் என்பார்கள்.
அந்தப் பேரை வைத்துத்தான்
சுபின்தாஸை அடித்தேன்.

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி.
நூற்றுப்பத்துப் பிள்ளைகள், பத்து நாள்,
ஆரஞ்சு ஜூஸ், வண்ணக் காகிதம், மைக் செட்.
கணக்கில் மூவாயிரத்து நானூறு குறைந்தது.
பொருளாளர் அவன்.
வீட்டில் அப்பனுக்கு டயாலிசிஸ்.
எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
நான் அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்கவில்லை.
கூட்டத்தின் முடிவில் முழங்காலிட்டு
"ஆண்டவரே, உம்முடைய பணத்தில் கைவைக்கிற ஆகானை
எங்கள் நடுவிலிருந்து எடுத்துப்போடும்" என்றேன்.

பதினெட்டுப் பேர் ஆமென் சொன்னார்கள்.
ஒரு ஜோடிச் செருப்பு மட்டும்
வாசலிலிருந்து சரளில் இறங்கிப் போகும் சத்தம்.
கண்ணைத் திறக்காமல்
இன்னும் ஐந்து நிமிடம் ஜெபித்தேன்.

ரசீது என் வேதாகமத்திலேயே இருந்தது.
யாக்கோபின் நிருபத்தில், நாவைப் பற்றிய இடத்தில்
இருந்திருந்தால் பிரசங்கத்துக்கு உதவியிருக்கும்.
இருந்ததோ எண்ணாகமத்தில்,
கோத்திரம் கோத்திரமாய்த் தலை எண்ணும் பக்கத்தில்.
மைக் செட் வாடகை. என் கையெழுத்து.

விடியுமுன் நாலரைக்குப் போனேன்.
ரப்பர் தோட்டத்தில் நெற்றி விளக்கு ஒன்று
மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தது.
பக்கத்தில் போய் நின்றேன். கத்தி நிற்கவில்லை.
சாய்வாய் ஒரு கீறல்.
முதலில் ஒன்றுமே தெரியாது,
பிறகு பொட்டுப் பொட்டாய் வெள்ளை,
அப்புறம் சிரட்டைக்கு.
எழுதிவைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன்,
இரண்டு வசனத்தோடு.

அடுத்த மரத்துக்குப் போனபடியே சொன்னான்:
"எக்கா, நீங்க கண்ணடைச்சிட்டுல்லா சொன்னீங்க.
இனி கண்ணத் தொறந்து சொல்லுங்க.
எங்கிட்ட இல்ல. அங்க."

ஞாயிறு, அறிவிப்பு வேளை. மைக்கைக் கேட்டு வாங்கினேன்.
இதையும் ஜெபமாக்கிவிடலாம் என்று தோன்றியது.
"ஆண்டவரே, உமது அடியாள்" என்று தொடங்கினால் போதும்,
எல்லாத் தலையும் தானாகக் கவிழும்,
ஒருவரும் என்னைப் பார்க்கமாட்டார்கள்.

"ரசீது எங்கிட்ட இருந்துது.
சுபின் எடுக்கல.
நான் பொய்யா ஜெபிச்சேன்."

மின்விசிறி ஓடியது.
மூன்றாம் வரிசையில் அவன் அம்மை
பாட்டுப்புத்தகத்தின் மூலையை
மடித்தாள், நிமிர்த்தினாள், மறுபடி மடித்தாள்.

அவன் வரவில்லை. அன்றும், அடுத்த வாரமும்.
போதகர், "நீ செய்யவேண்டியதைச் செய்துவிட்டாய்" என்கிறார்.
எனக்கு அப்படித் தெரியவில்லை.
புதுப் பொருளாளர் இப்போது வேண்டாம் என்று மட்டும்
கமிட்டியில் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் பிறந்து மழை விடவில்லை.
முதலாளி இந்த வருஷம் மரத்துக்கு பிளாஸ்டிக் கட்டவில்லை,
பட்டை நனைந்தால் வெட்டு இல்லை,
வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை.
டயாலிசிஸுக்கு மழை தெரியாது. வாரம் இரண்டு.

இன்று வெள்ளி. கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள்.
எழுந்ததும் பெரிய பெரிய வார்த்தைகள்
பழகிய மாடுகள்போல வரிசையாய் வந்து நின்றன.
எதையும் அவிழ்க்கவில்லை.
"ஆண்டவரே, மழை கொஞ்சம் விடட்டும்.
சுபினுக்கு வெட்டு நடக்கட்டும். ஆமென்."

இன்னும் இருக்கும் என்று
கொஞ்ச நேரம் எல்லோரும் குனிந்தே இருந்தார்கள்.
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்குச் சனிக்கிழமை.
மழை விடவில்லை.